அப்பாவின் காலும் அக்காவின் காலும்

அக்காவுக்கு வந்திருப்பது அப்பாவுக்கு வந்ததுதான் என்று முதலில் சொன்னவன் நான். டொக்டர் வாய் திறப்பதற்கு முன்பே சொன்னேன். சரியாகச் சொன்னால், டொக்டரையும் அப்படி நினைக்க வைத்தவன் நான்தான். அதனால் இதை எழுதவேண்டியவனும் நானே.

அப்பாவின் காலில் இருந்து தொடங்குகிறேன். அப்பா சின்ன வள்ளத்தில் துறைமுக வாய் தாண்டிப் போய்த் தூண்டில் போடுகிறவர். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலேயே அவருக்கு நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம், வந்துவிட்டது. குளிசை குடிப்பார், குடித்த கையோடு சீனி போட்ட பிளேன்ரீயும் குடிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசை முடிந்து வந்தபோது, குசினியின் சீமெந்துத் தரையில் சிவப்பாகக் காலடித் தடங்கள் கிடந்தன. வாசலில் இருந்து தண்ணீர்க் குடம் வரைக்கும், பிறகு திரும்ப வாசல் வரைக்கும்.

"ஆரின்ர ரத்தம் இது?" என்று அம்மா கத்தினார்.

எல்லோரும் குனிந்து தங்கள் தங்கள் கால்களைப் பார்த்தோம். கடைசியாகத்தான் அப்பா பார்த்தார். குதிக்காலில் உடைந்த சிப்பித் துண்டு ஒன்று முழுதாக ஏறியிருந்தது. அதைப் பிடுங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எனக்கு ஒண்டும் நோகேல்லையே" என்றார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நீண்ட நாள் சீனி வருத்தம் நரம்புகளின் நுனிகளைத் தின்றுவிட்டது என்று கிளினிக்கில் சொன்னார்கள். மிக நீளமான நரம்பு காலுக்குத்தான் போகிறது, அதனால் கால் விரலில் தொடங்கும். இரண்டு காலிலும் ஒரே அளவாக, காலுறை போட்ட மாதிரி மேலே ஏறும். பிறகு கை விரல்களுக்கும் வரும். வந்தது. தூண்டில் நூலைச் சுட்டுவிரலில் போட்டுக்கொண்டு இருக்கிற மனிதருக்கு விரல் விறைத்தால் என்ன மிச்சம்?

"மீன் இரையைத் தின்னுறது எனக்குத் தெரியேல்ல" என்று ஒருநாள் வெறுங்கையோடு வந்து சொன்னார். "எனக்குத் தெரியேல்ல எண்டது மட்டும் மீனுக்குத் தெரிஞ்சிட்டுது."

கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டியவன் நான்: பெரிபெரல் நியூரோபதி. வெளி நரம்புகளின் சிதைவு. எங்கள் குடும்பத்தில் உயர்தரப் பரீட்சை வரைக்கும் போன முதல் ஆள் நான். ஆங்கிலமும் சிங்களமும் எழுதத் தெரிந்த ஒரே ஆளும் நான். கப்பலில் வருகிற சாமான்களை ஏற்றி இறக்கும் ஒரு நிறுவனத்தில் எழுத்து வேலை கிடைத்த பிறகு, எங்கள் ஒழுங்கையில் யாருக்கு என்ன படிவம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். அடையாள அட்டையைத் தொலைத்த ஒரு அயல்வீட்டு அக்கா, அது தொலைந்த நாளில் பெய்த மழையில் இருந்து கதையைத் தொடங்குவார். படிவத்தில் அதற்கு ஒரு வரிதான் இருக்கும். "சுருக்கமாச் சொல்லுங்கோ" என்பேன். சுருக்கத் தெரியாதவர்களுக்கு நானே சுருக்கிக் கொடுப்பேன். மழையை வெட்டுவேன், பஸ்ஸை வெட்டுவேன், பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மனிசியை வெட்டுவேன். அலுவலகங்களில் ஒரு படிவமும் திரும்பி வராது. அந்த வெட்டுதலைத்தான் நான் கற்ற கல்வி என்று நினைத்திருந்தேன்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். எங்கள் குசினியில் சமைத்து, துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் கொடுப்பதுதான் அவள் வேலை. மூன்று அடுப்பும் ஒன்றாக எரியும். கையில் கரண்டி இருக்கும்போதுதான் அவளுக்குக் கதை வரும்.

தவக்காலம் தொடங்கிய நாட்களில் ஒரு காலை, நான் வேலைக்குக் கிளம்பும்போது கூப்பிட்டாள்.

"தம்பி, இடது கால் என்ர கால் மாதிரி இல்லையடா."

"விறைக்குதோ?"

"விறைக்குது. அது மட்டுமில்லை. இடுப்பைச் சுத்தி ஆரோ ஈரச் சீலையை முறுக்கிக் கட்டின மாதிரி இறுக்குது."

"பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டியிருப்பாய்."

"போடா. நாடாவை அவிட்டுப் பாக்காமலோ உன்னட்டச் சொல்லுறன்?" கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்டு. பூசையில நற்கருணை தூக்கேக்க எல்லாரும் குனியிறதெல்லோ. நான் தலையைக் குனிஞ்ச உடன கழுத்தில இருந்து முள்ளந்தண்டு வழியாக் கரண்ட் மாதிரி ஒண்டு இறங்குது. கால் மட்டும் போகுது. நிமிந்தா நிண்டிடும்."

அம்மா தேங்காய் துருவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "கோயில்ல கடைசி வாங்கில இருந்து கதைச்சா ஆண்டவர் அப்பிடித்தான் அடிப்பார்."

"அம்மா, நான் முதல் வாங்கில இருக்கிறனான்."

"அப்ப அவருக்கு அடிக்கிறதுக்கு இன்னும் வசதி."

மூன்று பேரும் சிரித்தோம். அக்கா சிரித்துக்கொண்டே இன்னும் சொன்னாள். வெயில் ஏறி அடுப்புச் சூடும் சேர்ந்தால் கால் ஈயக்குண்டு மாதிரிப் பாரமாகிறதாம். கிணற்றில் நாலு வாளி அள்ளிக் குளித்தால் திரும்பி வருகிறதாம். அதற்கு இரண்டு வருடம் முந்தி, இடது கண்ணுக்குள் புகை நிற்கிறது என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அடுப்புப் புகைதானே என்று மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்திருந்தேன். அது தானாகத் தெளிந்தும் விட்டது. அதையும் அன்றைக்கு ஞாபகப்படுத்தினாள்.

எல்லாவற்றையும் கேட்டேன். கேட்டுவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சொன்னேன்: "அப்பாவுக்கு வந்ததுதான். பரம்பரை. ஒரு டொக்டரைக் காசு கட்டி சனல் பண்ணிக் காட்டுவம்."

சனலுக்கு முதல்நாள் பின்னேரம் அரைத் தாளில் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினேன். கால் விறைப்பு, எத்தனை வாரம், தகப்பனுக்குச் சீனி வருத்தம், தகப்பனுக்கு நியூரோபதி. அக்கா தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன்.

"கரண்ட் எங்க?"

"அது டொக்டரிட்டச் சொல்லுற விசயமில்லை, அக்கா. கோயில் கதை எண்டு நினைப்பினம்."

"இடுப்பு?"

"அது வாய்வு."

"கண்?"

"அது கண் டொக்டருக்கு. அதுவும் அது எப்பவோ முடிஞ்சு போச்சு."

"சரி, நீ படிச்சனீ" என்று சொல்லிவிட்டு, சீப்பை எடுத்துக்கொண்டு தலை இழுக்கப் போனாள். அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

டொக்டர் சிங்களவர். வாரத்தில் ஒருநாள் வெளியூரில் இருந்து வருகிறவர். வெளியே வாங்குகள் நிறைய ஆட்கள். மேசைக்குப் பக்கத்துக் கதிரையில் நான் இருந்தேன். அக்கா எனக்குப் பின்னால் ஸ்டூலில் இருந்தாள். இதை எழுதும்போதுதான் அந்த இருக்கை ஒழுங்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. எங்கள் பக்கத்தில் வருத்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்தான் டொக்டருக்கு எதிரே இருப்பார், பாஷை தெரிந்தவர்தான் கதைப்பார். வருத்தக்காரர் தன் உடம்பை மட்டும் கொண்டு போனால் போதும்.

டொக்டர் தாளை வாசித்தார். இரண்டு காலிலுமா என்று சிங்களத்தில் கேட்டார். நான் திரும்பி அக்காவிடம் கேட்டேன்.

"இடதுதான். வலதில முந்திக் கொஞ்சம் இருந்தது, இப்ப இல்லை" என்றாள்.

"இரண்டிலும், இடதில் கூடுதலாக" என்று நான் டொக்டருக்குச் சொன்னேன். அதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. அப்பாவின் வருத்தத்துக்குள் பொருந்துகிற மாதிரி ஓரங்களைக் கொஞ்சம் வெட்டியிருந்தேன்.

டொக்டர் ஊசி முனையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், இரத்தச் சோதனைக்கு எழுதினார். பிறகு பேனையை மூடாமலே கேட்டார்: "வேறு ஏதும் இருக்கிறதா?"

"இல்லை, டொக்டர்" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், ஓட்டோவில் அக்கா கேட்டாள்.

"கடைசியா என்ன கேட்டவர்?"

"வேற ஏதும் இருக்கோ எண்டு."

"நீ என்ன சொன்னனீ?"

"இல்லையெண்டு."

அவள் வெளியே பார்க்கத் திரும்பினாள். உட்துறைமுகத்தில் ஒரு கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. "எவ்வளவு பெரிய கப்பலடா" என்று மட்டும் சொன்னாள்.

இரத்தத்தில் சீனி இல்லை என்று வந்தது. நான் அசையவில்லை. "ஆரம்பத்தில காட்டாது" என்றேன். அந்த மருத்துவம் எங்கே படித்தேன் என்று யாரும் கேட்கவில்லை. டொக்டர் விற்றமின் குளிசை எழுதி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். மூன்று நாலு கிழமையில் விறைப்பு இறங்கத் தொடங்கியது. இடுப்பு இறுக்கமும் போனது. பெரிய வெள்ளி சிலுவைப் பாதைக்கு அக்கா பதினாலு தலமும் நடந்தாள். ஒழுங்கையில் கால் விறைக்கிறது என்று சொன்ன இரண்டு பேருக்கு அந்தக் குளிசையின் பெயரை நான் எழுதிக் கொடுத்தேன்.

அப்பாவுக்கு மட்டும் முகம் சரியில்லை.

"அவளின்ர குளிசையைக் காட்டு" என்றார் ஒருநாள். காட்டினேன். குளிசை மட்டையைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "இதைத்தானே நானும் எத்தினை வருசமாத் தின்னுறன்."

"உங்களுக்கு வயசு போச்சுது, அப்பா."

"என்ர வயசு குளிசைக்கு எப்பிடித் தெரியும்?" மட்டையைத் திருப்பித் தந்தார். "எனக்கு வந்தது ஒருநாளும் போனதில்லையடா. ஒரு விரலைக்கூடத் திருப்பித் தரேல்ல. அவளுக்கு வந்திட்டுப் போகுது எண்டா, அது வேற ஆளாக்கும்."

பொறாமையில் சொல்கிறார் என்று நினைத்தேன். பொறாமைதான். ஆனால் அந்த வீட்டில் அன்றைக்கு வருத்தத்தைச் சரியாகப் பார்த்தவரும் அவர்தான். அப்பாவுக்கு வந்தது ஒரே திசையில் போகிற வருத்தம். மெதுவாக ஏறும், ஏறிய இடத்தில் இருக்கும். வந்து, தங்கி, போய், வேறு வாசலால் திரும்பி வருவது அதன் பழக்கம் இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே நான் யோசித்திருக்கலாம்.

கச்சான் காற்று அடிக்கிற வெக்கை மாதத்தில் அது வேறு வாசலால் வந்தது.

அக்கா செத்தல் மிளகாய் அரைக்கக் கொடுக்கும் ஆலை, மூதூரில் இருந்து வந்து டவுனில் கடை போட்டிருக்கும் ஒரு முஸ்லிம் நானாவுடையது. அன்றைக்கு நடந்ததை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தூளைப் பைக்குள் பார்த்துவிட்டு அவள் சண்டைக்குப் போயிருக்கிறாள்.

"நானா, என்னத்தைக் கலந்தனீங்கள்? சாம்பல் மாதிரிக் கிடக்கு. சிவப்பே இல்லை."

"என்ன தங்கச்சி இப்புடிச் சொல்றீங்க. உங்கட மிளகாய், உங்கட கண்ணுக்கு முன்னாலதானே அரைச்ச."

அப்போது தூள் பறந்து வலது கண்ணில் விழுந்திருக்கிறது. அந்தக் கண்ணைப் பொத்தியபோது, இடது கண்ணுக்குத் தூள் நல்ல சிவப்பாகத் தெரிந்ததாம். வலதைத் திறந்து இடதைப் பொத்தினால் மங்கல் மண்ணிறம். நம்பாமல் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள்.

"தங்கச்சி, கண்ணடிக்காதீங்க" என்றாராம் நானா. "வீட்டுக்காரி உள்ளுக்கதான் இரிக்கிறா."

அந்த இடத்திலும் சிரிப்பு வந்ததாம் அவளுக்கு. பிறகு கடை வாசலிலேயே இருந்துவிட்டாள். நானாதான் ஓட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பினார். தூளுக்குக் குறை சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை என்று வழியெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் நாள் வலது கண்ணில் வெறும் பனிமூட்டம். கண்ணை அசைத்தால் நோவு. இடது கால் திரும்பவும் பாரம். கண் டொக்டர் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, முன்பு எப்போதாவது மற்றக் கண்ணுக்கு இப்படி வந்ததா என்று என்னிடம் கேட்டார். என் வாயில் 'இல்லை' தயாராக இருந்தது. அடுப்புப் புகை என்று எப்போதோ ஒதுக்கிவிட்டதால், அது உண்மை என்றே நினைத்திருந்தேன். ஏனோ அன்றைக்குத் திரும்பி அவளைப் பார்த்துக் கேட்டேன்.

"ஓம்" என்றாள். "ரெண்டு வருசத்துக்கு முதல், இடதுக்கு. புகை எண்டு உனக்குச் சொன்னனான்."

அதை நான் சிங்களத்தில் சொல்லி முடிக்கும்போது டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். காலைப் பற்றிக் கேட்டார். அன்றைக்கே நரம்பு வைத்திய நிபுணருக்குக் கடிதம் எழுதி வார்ட்டில் அனுமதித்தார்கள். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடையில் நின்றபோதுதான், நான் அரைத் தாளில் இருந்து வெட்டி எறிந்தவை ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. புகை. இடுப்பு. கரண்ட்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் அப்பாவும் வந்திருந்தார். நிபுணர் வருவதற்கு முன், அக்கா கட்டிலில் இருந்து எனக்கு ஒரு ஒழுங்கு வைத்தாள்.

"இந்த முறை நான் கதைக்கிறன். நீ ஒண்டையும் வெட்டக்கூடாது. விசர்க் கதை எண்டு உனக்குப் பட்டாலும் சொல்லவேணும்."

"சரி."

"கோயில் கதையும்."

"சரி எண்டனெல்லோ."

நிபுணர் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். 'நோவு இருக்கா', 'பயப்படாதீங்க' என்கிற அளவுக்குத் தமிழ் வைத்திருந்தார். அக்கா தொடங்கினாள். நான் ஒவ்வொரு வசனமாக மாற்றிச் சொன்னேன். அடுப்புச் சூடு, கிணற்றுத் தண்ணீர், ஈரச் சீலை, மிளகாய்த் தூள், நானாவின் வீட்டுக்காரி வரைக்கும். பூசையில் நற்கருணை உயர்த்தும் நேரம் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்கிறது என்று சிங்களத்தில் சொல்லும்போது என் காது சூடானது. பக்கத்துக் கட்டில் மனிசி கேட்டுக்கொண்டிருந்தார்.

டொக்டர் சிரிக்கவில்லை. பேனையை வைத்தார். "இப்போது குனியச் சொல்லுங்கள்" என்றார்.

அக்கா தாடையை நெஞ்சில் முட்டக் குனிந்தாள். முதுகு சிலிர்த்தது எனக்கே தெரிந்தது. "ஓம், இதுதான்" என்றாள். இடது கால் போர்வைக்குள் துள்ளியது.

டொக்டர் சின்னச் சுத்தியலை எடுத்தார். முழங்காலில் மெதுவாகத்தான் தட்டினார். கால் எகிறி அவருடைய கொப்பியைத் தட்டி விழுத்தியது. "ஐயோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று அக்கா பதறினாள். பாதத்தின் அடியில் சுத்தியலின் கைபிடியால் கீறினார். பெருவிரல் மேலே எழும்பி நின்றது.

"அப்பாவுக்கும் இதுதானே, டொக்டர்?" என்று நான் கேட்டேன். அவ்வளவுக்குப் பிறகும் எனக்குள் அந்தத் தாள் இருந்தது.

அவர் அப்பாவைப் பார்த்தார். "வாங்க" என்று தமிழில் கூப்பிட்டுக் கட்டில் ஓரத்தில் இருத்தினார். இரண்டு குதிக்கால் தசைநாரிலும் தட்டினார். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை. கால் சும்மா தொங்கியது. தட்டினால் அதிர்கிற இரும்புக் கவை ஒன்றைப் பெருவிரலில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்கச் சொன்னார்.

"என்னத்தை வைச்சவா?" என்றார் அப்பா.

ஒரே கட்டில் ஓரத்தில் ஒரே குடும்பத்தின் நான்கு கால்கள். இரண்டு சோடியும் 'விறைப்பு' என்றே வீட்டில் பெயர் பெற்றவை. ஒன்று தட்டினாலும் அசையாது. மற்றது தொடுவதற்கு முன்பே பாய்கிறது.

டொக்டர் எனக்குச் சொன்னதை நான் அவர்களுக்குச் சொன்னேன். அப்பாவுக்குப் பழுதானது மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் வெளியே போகிற நரம்புகள், அதிலும் நுனிகள். செய்தி கால்வரை போகாது, காலில் இருந்து வரவும் வராது. அதனால்தான் இரண்டு காலும் ஒன்றுபோல, அதனால்தான் தட்டினால் மறுமொழி இல்லை. அக்காவின் வெளி நரம்புகளில் ஒரு குறையும் இல்லை. அவர் சந்தேகப்படுவது உள்ளே: மூளையிலும் முள்ளந்தண்டிலும் கண்ணுக்குப் போகும் நரம்பிலும். நோயிலிருந்து உடம்பைக் காக்கவேண்டிய காவலே, எதிரி என்று ஆள் மாறி நினைத்து, அங்குள்ள நரம்புகளின் மேலுறையைத் தாக்குகிறது. இன்றைக்கு ஒரு இடம், ஒரு வருடம் கழித்து இன்னொரு இடம். இடையில் ஆறியும் விடும். அதனால்தான் கண், இடுப்பு, கால் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரித் தெரிகிறது.

அப்பா தன் காலைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அக்காவிடம் சொன்னார்: "அப்பிடியெண்டா பிள்ளை, எனக்குக் கடலுக்கடியில நூல் அறுந்துபோச்சு. உனக்கு நூல் நல்லாத்தான் கிடக்கு. வள்ளத்துக்குள்ள சிக்குப்பட்டுப் போச்சு."

டொக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். சொன்னேன். அதை அவர் இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

கண்டியில் ஸ்கான் எடுத்தோம். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். வேறு எதுவும் இல்லை என்று தெரிய இரத்தமும் பலமுறை எடுத்தார்கள். படத்தில் மூளையில் சில வெள்ளைப் புள்ளிகள், கழுத்துக்குள் முள்ளந்தண்டில் ஒன்று. டொக்டர் பேனை முனையால் கழுத்துப் புள்ளியைக் காட்டினார். குனியும்போது இழுபடுகிற இடம் அது. நற்கருணை தூக்கும் நேரத்தில் கரண்ட் இறங்குகிறது என்று அக்கா என்னிடம் சொல்லச் சொன்னது அந்த இடத்தைத்தான். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று முதல்தடவையாகப் பெயர் சொன்னார். எங்கள் நாட்டில் அதிகம் காணாத வருத்தம், இளம் பெண்களுக்குத்தான் கூடுதலாக வருகிறது என்றார். முழுதாகத் துடைக்க மருந்து இல்லை. ஆனால் திரும்பத் திரும்ப வராமல் தள்ளிப்போட மருந்து இருக்கிறது. அப்பாவுக்கோ சீனியைக் கட்டுப்படுத்துவதும் காலைத் தினமும் பார்ப்பதும்தான் மருந்து. ஒருவருக்கு எழுதிய குளிசையை மற்றவர் குடித்து ஒரு பலனும் இல்லை.

ஐந்து நாள் சேலைனில் மருந்து ஏற்றினார்கள். கண்ணில் பனி மெல்ல விலகியது. சிவப்புத் திரும்பி வந்தது, ஆனால் பழைய சிவப்பு இல்லை, பலமுறை தோய்த்த சீலையின் சிவப்பு என்கிறாள். இடது கால் முழுதாகத் திரும்பவில்லை. வெக்கையில் இழுக்கிறது.

அக்கா இல்லாத நேரம் பார்த்து டொக்டரிடம் கேட்டேன்: அந்த முதல் தடவை எல்லாவற்றையும் சொல்லியிருந்தால்?

அவர் ஆறுதல் சொல்லவில்லை. "மருந்தை முன்பே தொடங்கியிருக்கலாம். இந்தக் கண்ணைத் தடுத்திருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. தடுத்திருக்கலாம்" என்றார்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு கிழமை வைத்திருந்தேன். பிறகு, அவள் பார்சல் கட்டுகிற நேரத்தில், வாழையிலை துடைத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னேன். டொக்டர் வேறு ஏதும் இருக்கோ என்று கேட்டபோது உன்னைத் திரும்பிப் பார்த்திருக்கவேணும் என்றேன்.

"எனக்கு ஓட்டோவிலேயே தெரியும்" என்றாள்.

"பேசியிருக்கலாமே அக்கா. அண்டைக்கே திட்டியிருக்கலாமே."

"நீ படிச்சனீயெல்லோ. என்ர உடம்புதான் பிழையாச் சொல்லுதாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

அவள் இலையை மடித்து, அடுத்த இலைக்குக் கையை நீட்டினாள். நான் கொடுத்தேன்.

இப்போது குசினியில் மூன்று அடுப்பில் ஒன்றுதான் ஒரு நேரத்தில் எரியும். வெயில் ஏறுவதற்கு முன் சமையல் முடியும். பார்சல் பாதியாகக் குறைந்துவிட்டது. அப்பாவின் கால்களைத் தினமும் காலையில் தூக்கிப் பார்ப்பது அக்காவின் வேலை. சிப்பியோ முள்ளோ ஏறியிருந்தால் அவருக்குத் தெரியாதே. அவள் கிணற்றடிக்குப் போகும்போது பின்னால் போய் நிற்பது அப்பாவின் வேலை. "ரெண்டு நொண்டியும் குளிக்கப் போகுது" என்று அம்மா சொல்வார். சொல்லிவிட்டு உள்ளே போய் நிற்பார்.

போன கிழமை கிளினிக் நாள். டொக்டரின் அறையில் நான் ஸ்டூலில் இருந்தேன், அக்கா கதிரையில். அவள் பையில் இருந்து ஒரு எண்பது பக்கக் கொப்பியை எடுத்தாள். எங்களுக்குத் தெரியாமல் எழுதி வந்திருக்கிறாள். எட்டாம் வகுப்புக் கையெழுத்து, கோட்டுக்கு மேலும் கீழுமாக. எந்தக் கிழமை எங்கே விறைத்தது, எத்தனை நாள் நின்றது, என்ன செய்யும்போது வந்தது, என்ன செய்யும்போது போனது. அடுப்பு, வெயில், வாளிக் கணக்கு, பூசை எல்லாம் இருந்தது.

"வாசிச்சு அவவுக்குச் சொல்லு" என்றாள்.

வரி வரியாகச் சொன்னேன். டொக்டர் எழுதிக்கொண்டு வந்தார். முதல் பக்கத்தின் நடுவில் ஒரு வரியில் என் குரல் நின்றது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டொக்டர் நிமிர்ந்து, "வேறு ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இருக்கிறது" என்றேன். பிறகு அந்த வரியை அவள் எழுதியிருந்தபடியே சிங்களத்தில் சொன்னேன்: "தவக்காலத்தில் டொக்டரிடம் போனோம். கரண்டையும் இடுப்பையும் கண்ணையும் சொல்லச் சொன்னேன். தம்பி சொல்லவில்லை."